ஏலத்தில் எடுத்த அயனி

எங்கள் வீட்டுக்கும் கிறிஸ்தவ ஆலயத்துக்கும் நடுவே ஒரு மதில்தான். மதிலுக்கு அந்தப் பக்கம், என் அடுக்களை ஜன்னலுக்கு நேராக, ஓர் அயனி மரம் நிற்கிறது. நாகர்கோவில் நகரத்துக்குள் இவ்வளவு பெரிய அயனி இன்னொன்று உண்டா என்று எனக்குத் தெரியாது. அடியில் நின்று உச்சியைப் பார்த்தால் கழுத்து வலிக்கும். கல்யாணமாகி இந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து எனக்கும் அந்த மரத்துக்கும் சண்டை.

சண்டைக்குக் காரணம் வௌவால்கள். பகல் முழுக்க உச்சிக் கிளைகளில் தலைகீழாகத் தொங்கிக்கொண்டு, ஆசிரியர் வராத வகுப்பு மாதிரி ஓயாமல் கூச்சல் போடும். அந்தி மயங்கியதும் இரை தேடக் கிளம்பும். கிளம்புகிறபோது சும்மா போகாது. எங்கள் மொட்டைமாடிக் கொடியில் என்ன காய்கிறதோ அதன்மேல் எச்சமிட்டுவிட்டுத்தான் போகும். வெள்ளைத் துணி என்றால் தனிப் பிரியம். நான் தபால் அலுவலக வேலை முடிந்து வீடு வந்து சேர்வதற்கும் அவை வேலைக்குக் கிளம்புவதற்கும் நேரம் சரியாக இருக்கும். பையைக்கூடக் கீழே வைக்காமல் மாடிக்கு ஓடுவேன். சில நாள் நான் ஜெயிப்பேன், பல நாள் அவை ஜெயிக்கும். தோற்ற நாளில் அங்கேயே நின்று, "மூதேவிகளே, ஒங்களுக்கு வேற ஊரே கெடைக்கலியா?" என்று தெருவே கேட்க ஏசுவேன். கீழ்வீட்டுக்காரர்கள் அதைக் கேட்டுத்தான் மணி பார்ப்பார்கள்.

வேறு ஊர் அவற்றுக்குக் கிடைக்காது என்பது எனக்கும் தெரியும். எங்கள் தெருவில் வீட்டுக்கு வீடு இடைவெளி கிடையாது. பக்கத்து வீட்டில் மீன் பொரித்தால் எங்கள் வீட்டுப் பூனை எழுந்து உட்காரும். தோப்பும் விளையுமாகக் கிடந்த இடமெல்லாம் மாடி வீடாகி, மாடிக்குமேல் இன்னொரு மாடியும் ஏறிவிட்டது. கொஞ்சம் முற்றம் மிச்சம் இருந்தவர்களும் அதற்குக் கல் பதித்துவிட்டார்கள். சுற்றியுள்ள நாலைந்து தெருவுக்கு மரம் என்று சொல்ல இது ஒன்றுதான். அதனால் அந்த நாலைந்து தெருவின் உயிர்களெல்லாம் இதில்தான் வந்து குவிந்திருந்தன. நாங்கள் எப்படி இடித்துக்கொண்டு வாழ்கிறோமோ, அப்படித்தான் அவையும்.

நான் பறவை பார்க்கிற ஆள் இல்லை. கழுத்தில் பைனாகுலர் மாட்டிக்கொண்டு கருக்கலில் குளக்கரைக்குப் போகிறவர்களைக் கண்டால் எனக்குச் சிரிப்புத்தான் வரும். ஆனால் தேங்காய் துருவிக்கொண்டே பார்த்தாலும் பார்வை பார்வைதானே. பட்டுப்போன ஒரு கொம்பில் குக்குறுவான் துளை போட்டுக் குஞ்சு பொரித்ததை ஜன்னலிலிருந்தே பார்த்தேன். நடுக்கொம்பு ஒன்றில் ஒரு பொந்து உண்டு. அதில் ஆந்தை ஜோடி ஒன்று. உள்ளங்கையில் அடங்குகிற அளவுதான், புள்ளி புள்ளியாக இருக்கும். மத்தியானம் வெளியே வந்து பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து, என்னைக் கண்டால் தலையை மேலும் கீழும் ஆட்டும். பெண் பார்க்க வந்த வீட்டில் மாமியார் பார்க்கிற மாதிரி ஒரு பார்வை. விடியற்காலையில் மரநாய் ஒன்று கேபிள் டிவி வயர்மேல் நடந்து வந்து மரத்தில் ஏறும். அத்தனை கனத்தை அந்த வயர் எப்படித் தாங்குகிறதோ, எங்கள் வீட்டில் டிவி மட்டும் அடிக்கடி நின்றுபோகும்.

அயனிச்சக்கை பழுக்கிற காலத்தில் ஒரு கொண்டாட்டம். பலாப்பழத்தின் குட்டித் தம்பி மாதிரி இருக்கும், உள்ளே மஞ்சளாகச் சின்னச் சின்னச் சுளை, ஒரு புளிப்பும் இனிப்பும். பகலில் அணிலும் காக்கையும் தின்னும், இரவில் வௌவாலும் மரநாயும் தின்னும், தவறி விழுந்ததை நாங்கள் தின்போம். கொட்டையை வறுத்து உப்புப் போட்டால் மாலைக் காப்பிக்கு வேறொன்றும் வேண்டாம். அதற்கு முன்னால் பூக்கிற காலத்தில் பூ நீளமாகத் திரி திரியாக உதிரும். உலர்த்திக் கொளுத்தினால் கொசு அண்டாது. பிள்ளைகள் இரண்டு பேரும் கல்ஃபுக்குப் போய் வீடு சத்தமில்லாமல் ஆனபிறகு, எனக்குச் சத்தம் என்று இருந்தது இந்த ஜன்னல்தான். மகள் வீடியோவில் அழைத்தால் என் முகத்தைப் பார்க்கிறாளோ இல்லையோ, "ஆந்தையக் காட்டுங்கம்மா" என்பாள்.

என் வீட்டுக்காரர் மின்வாரியத்தில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர். வயரைத் தொடுகிற கிளையை வெட்டி வெட்டியே ஆயுள் கழிந்ததால், மரம் என்றாலே அவருக்கு அது ஏதோ குற்றம் செய்யப் போகிறது என்று தோன்றும். ஓய்வுபெற்ற கையோடு ஆலயக் கமிட்டிக்குச் செயலாளரும் ஆகிவிட்டார். ஒருநாள் மத்தியானம் சோற்றில் மீன் குழம்பை ஊற்றிக்கொண்டே சாதாரணமாகச் சொன்னார்.

"மரத்த வெட்டப் போறோம்."

"எந்த மரத்த?"

"நீ தெனமும் ஏசுத மரத்தத்தான். கார் நிறுத்த எடம் வேணும்லா. எனக்க வீட்டுக்காரியே அந்த மரத்தால படாத பாடு படுதா, அவளுக்கும் ஒரு விடிவு வரட்டும்னு கமிட்டியில சொல்லிட்டேன்."

"நான் வௌவால ஏசினேன். மரத்த வெட்டச் சொன்னேனா?"

"ரெண்டும் ஒண்ணுதான ஏட்டி."

"ஒங்க அக்காவ நான் ஏசாத நாள் உண்டா? அதுக்காக அவங்கள வெட்டவா சொன்னேன்?"

அவர் மீன் முள்ளை எடுத்தார். எனக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை. என் வாயால் ஏசியதை எடுத்து என் ஜன்னலுக்கே கோடாலி செய்துவிட்டார் என்கிற ஆத்திரம். ஏசுகிறோம் என்றால் அதன் பொருள் கூடவே இருக்கிறோம் என்பதுதான். கூட இல்லாதவர்களை யார் ஏசப் போகிறார்கள்? சிங்கத்தை யாராவது ஏசுகிறார்களா? இவ்வளவு நெருக்கமான ஊரில் வௌவாலோடும் மரநாயோடும் வாழ்வதென்றால், முணுமுணுத்துக்கொண்டேதான் வாழ முடியும். மனிதர்களோடும் அப்படித்தானே வாழ்கிறோம்.

அவர் பக்கமும் நியாயம் இருந்தது, அதுதான் எனக்கு இன்னும் எரிச்சல். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை என்றால் தெருவின் இரண்டு பக்கமும் கார் நிற்கும். ஒருநாள் பிரசவ வலியெடுத்த பெண்ணை ஏற்றிக்கொண்டு வந்த ஆட்டோ நடுத்தெருவில் மாட்டிக்கொண்டது. போதகர் பிரசங்கத்தை நிறுத்திவிட்டு, கார் நம்பரைப் படித்து ஆளைக் கூப்பிட வேண்டியதாயிற்று. நல்லவேளை, தாயும் பிள்ளையும் சுகம். ஆனால் அந்தப் பதற்றம் என் வீட்டுக்காரரை விட்டுப் போகவில்லை. மரம் நிற்கிற இடத்தில் கல் பதித்துவிட்டால் எல்லாக் காரும் உள்ளே வந்துவிடும் என்று அவர் கணக்கு.

கதவுக்கும் நிலைக்கும் ஆகிற அயனித் தடிக்கு எங்கள் ஊரில் நல்ல மவுசு. மரத்தை ஆலயத்தின் அறுவடைத் திருநாளான அறுப்பின் பண்டிகை ஏலத்திலேயே விட்டுவிடலாம், வருகிற பணத்தில் கல் பதித்துவிடலாம் என்று கமிட்டி முடிவெடுத்தது. எடுக்கப் போகிறவர் யார் என்பதும் முன்கூட்டியே ஊருக்குத் தெரியும். என் வீட்டுக்காரருடைய அக்காவின் கணவர்தான். அவருக்குக் குலசேகரத்தில் தடி வியாபாரம். அவரை நான் அண்ணன் என்று கூப்பிடுவேன். பண்டிகை அன்று காலையிலேயே வந்து, என் அடுக்களையில் உட்கார்ந்து, நான் அவித்த புட்டைத் தின்றபடி ஜன்னல் வழியாக மரத்தை அளந்தார்.

"நல்ல வைரம் பாஞ்ச மரம் தங்கச்சி. நாளைக்குக் காலைல மிஷின் வந்திரும். அந்தா, பொந்து உள்ள கொம்பு இருக்குல்லா, அதத்தான் மொதல்ல எறக்கணும்."

பொந்து வாசலில் ஆந்தை ஒன்று உட்கார்ந்து எங்களைப் பார்த்துத் தலையை ஆட்டிக்கொண்டிருந்தது. அண்ணனுக்கு இன்னொரு பழம் எடுத்து வைத்துவிட்டு, உள்ளே போய் முகம் கழுவினேன்.

எங்கள் அறுப்பின் பண்டிகை ஏலத்தைப் பார்க்காதவர்களுக்குக் கொஞ்சம் சொல்ல வேண்டும். சபையார் அவரவர் வீட்டில் விளைந்ததை, சமைத்ததை, வளர்த்ததைக் கொண்டுவந்து படைப்பார்கள். மட்டி வாழைக்குலை, செந்துளுவன் வாழைக்குலை, மரச்சீனிக் கிழங்கு, சேனை, பூசணி, கோழி, முந்திரிக்கொத்து, கேக். நகரத்தில் விளைச்சல் ஏது? பாதிப்பேர் வடசேரிச் சந்தையில் வாங்கி வந்துதான் படைப்பார்கள், அது வேறு விஷயம். ஆராதனை முடிந்ததும் முற்றத்தில் ஏலம். ஏலத்தில் எடுத்தவர் அதைத் தானே வைத்துக்கொண்டால் அது ஒன்றும் பெரிய கௌரவம் இல்லை. "திருப்பி விடுதேன்" என்று ஆலயத்துக்கே கொடுத்துவிட வேண்டும். மறுபடி ஏலம், மறுபடி ஒருவர் எடுப்பார், அவரும் திருப்பி விடுவார். துபாயிலிருந்து லீவில் வந்தவர்கள் ஒரு கத்தரிக்காயை ஆளுக்கு ஆள் திருப்பி விட்டு, கடைசியில் அது வாடிப்போய், எடுக்க ஆளில்லாமல் போதகர் வீட்டுச் சாம்பாருக்குப் போன வருஷமும் உண்டு.

ஏலம் விடுகிறவர் எப்போதும் என் வீட்டுக்காரர்தான். மைக்கைக் கையில் எடுத்துவிட்டால் அவருக்கு இருபது வயது குறைந்துவிடும். அன்றைக்கும் கோழியை உயர்த்திப் பிடித்துக்கொண்டு, இதன் வம்சாவளியெல்லாம் சொல்லிச் சபையைச் சிரிக்க வைத்தார். கடைசியாக மரம். போதகர், எங்கள் பேச்சில் ஐயர், புதிதாக மாற்றலாகி வந்தவர். முன்வரிசையில் வெள்ளை வேட்டியோடு உட்கார்ந்திருந்த அண்ணனைப் பார்த்து, நீங்கள் எங்கே குடியிருக்கிறீர்கள் என்று விசாரித்தார்.

"குலசேகரத்திலயாக்கும் தாமசம், ஐயரே. செயலாளருக்க அத்தான்."

அண்ணன் ஒரு தொகை கேட்டார். கருங்கல் ஊரிலிருந்து வந்திருந்த இன்னொரு வியாபாரி கொஞ்சம் கூட்டினார். அண்ணன் அதற்குமேல் ஒரே தூக்காகத் தூக்கியதும் கருங்கல்காரர் சிரித்துக்கொண்டே உட்கார்ந்துவிட்டார். "ஒரு தரம்" என்றார் என் வீட்டுக்காரர். "ரெண்டு தரம்."

அதுவரைக்கும் எனக்கு எந்தத் திட்டமும் இல்லை, சத்தியமாக. மைக்கில் அவருடைய குரல் மூன்றாம் தரத்துக்காக மூச்சை இழுத்ததுதான் தெரியும். நான் எழுந்து நின்று அண்ணனைவிடக் கூடுதலாக ஒரு தொகை சொல்லிவிட்டேன்.

என் வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார், அத்தானைப் பார்த்தார். மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி என்பார்களே, அன்றைக்கு அவர்தான் மத்தளம். ஆனால் மைக்கைப் பிடித்த கைக்கு நியாயம் செய்ய வேண்டுமே. நான் சொன்னதைத் திருப்பிச் சொன்னார். அண்ணன் கூட்டினார். நான் கூட்டினேன். அண்ணன் திரும்பி என்னை ஒருமுறை பார்த்துவிட்டு, இன்னும் கூட்டினார். என்னிடம் இருந்தது மாடியில் ஷெட் போடச் சேர்த்து வைத்த பணம். வௌவால் எச்சம் துணியில் விழாமல் இருக்கத்தான் அந்த ஷெட். அது முழுவதையும் ஒரே மூச்சில் சொன்னேன். இதற்குமேல் அவர் ஒரு ரூபாய் கூட்டினாலும் நான் உட்கார்ந்துவிட வேண்டியதுதான்.

அண்ணன் வியாபாரி. மரம் எந்த விலை வரைக்கும் தாங்கும் என்று தெரிந்தவர். கையை விரித்துவிட்டார். "மூணு தரம்" என்று சொன்னபோது என் வீட்டுக்காரரின் குரல் கொஞ்சம் பிசிறியது.

அதோடு முடிந்தது என்று நினைத்தேன். அங்கேதான் சபை என்னைப் பிடித்துக்கொண்டது. கை தட்டல். "அக்கா, திருப்பி விடுங்க" என்று பின்னாலிருந்து ஒரு குரல். "செயலாளர் வீட்டம்மால்லா, திருப்பித்தான் விடுவாங்க" என்று இன்னொரு குரல். போதகர் சந்தோஷமாக மைக்கை என் பக்கம் நீட்டினார். திருப்பி விட்டால் அடுத்த நிமிடமே மரம் அண்ணனுக்குப் போய்விடும். இத்தனை வருஷத்தில் ஒரு முருங்கைக்காயைக்கூட நான் வீட்டுக்குக் கொண்டுபோனதில்லை.

"இல்ல ஐயரே," என்றேன். "இத நானே வச்சுக்கிடுதேன்."

கை தட்டல் நின்றுவிட்டது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஓர் அம்மா தன் சேலைத் தலைப்பை இழுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார். ஆலய முற்றத்தில் நின்று ஊர் பார்க்கக் கஞ்சத்தனம் செய்வதற்கும் ஒரு தைரியம் வேண்டும் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

போதகர் பாவம், பேச்சை மாற்றுவதற்காகக் கேட்டார்: "சரிம்மா, எப்ப எடுத்துக்கிடுவீங்க?"

அப்போதுதான் எனக்கே விளங்கியது. குலையோ கோழியோ, எடுத்தவர் அப்போதே கையோடு கொண்டுபோய்விடுவார். அதனால் எத்தனை நாளுக்குள் எடுக்க வேண்டும் என்று கெடு சொல்கிற வழக்கமே எங்கள் ஏலத்தில் கிடையாது. என் வீட்டுக்காரர் ஒரு மரத்தைப் பூசணிக்காய் விற்கிற மாதிரி விற்றுவிட்டார்.

"தேதி ஒண்ணும் சொல்லல்லியே ஐயரே. சௌகரியம் போல எடுக்கேன்."

சபை மொத்தமும் திரும்பி என் வீட்டுக்காரரைப் பார்த்தது. அவர் வாயைத் திறந்தார். மைக் கிறீச்சிட்டது. மூடிக்கொண்டார்.

மத்தியானச் சாப்பாட்டில் அண்ணன் சிரித்த சிரிப்பில் புரையேறிவிட்டது. "தங்கச்சி, நீ தபாலாப்பீஸ்ல இருந்து நேரத்த வீணாக்கிட்ட. தடிக் கச்சவடத்துக்கு வந்திருந்தா எங்களையெல்லாம் வித்திருப்ப" என்றார். என் வீட்டுக்காரர் சிரிக்கவில்லை. சாயங்காலம் ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"ஷெட்டுக்கு வச்ச பணமா?"

"ஆமா."

"அப்போ துணி?"

"கறை பட்டா தொவைச்சுக்கிடுதேன். எனக்கு அந்த மரம் வேணும். அவ்வளவுதான்."

அவர் எழுந்து போனார். நானும் அவரும் விடாக்கண்டனும் கொடாக்கண்டனும். ஒரு வாரம் பேசாமல் இருப்போம் என்றுதான் நினைத்தேன்.

அடுத்த கமிட்டிக் கூட்டம் மதிலை ஒட்டிய அறையில்தான் நடந்தது. ஜன்னல் திறந்திருந்தது, நான் ஒட்டுக் கேட்கவில்லை, அது தானாகக் கேட்டது. ஆலய நிலத்தில் தனியாள் மரம் நிற்கலாமா, பணத்தைத் திருப்பிக் கொடுத்து ஏலத்தை ரத்து செய்யலாமே என்று ஒருவர் உரக்கக் கேட்டார். என் வீட்டுக்காரர் என்ன சொல்லப் போகிறார் என்று கையில் அகப்பையோடு நின்றேன். மரத்தை வெட்ட அவருக்குக் கிடைத்த நல்ல சந்தர்ப்பம் அது.

"கெடு வைக்காதது எனக்க தப்பு," என்றார். "ஏலத்துல போன பொருளத் திருப்பிக் கேக்கது மொறையில்ல. பூசணிக்கா எடுத்தவன்கிட்ட எப்ப கறி வைப்பன்னு இந்தக் கமிட்டி போய்க் கேட்டுதா? அது தனியார் சொத்து. அடுத்த விஷயம் பேசுவோம்."

அந்த நிமிடம் இந்த மனுஷனை மறுபடியும் கல்யாணம் செய்துகொள்ளலாம் போலிருந்தது. அடுப்பில் குழம்பு அடிப்பிடித்த வாடை வந்ததும்தான் நினைவு வந்தது.

கார்ப் பிரச்சினைக்கு அவரே வழி பார்த்தார். அடுத்த தெருவில் குளச்சல்காரர் ஒருவர் கம்பி, சிமென்ட் கடை வைத்திருக்கிறார். கடைக்குப் பின்னால் லாரி திரும்புகிற அளவுக்கு இடம் உண்டு, ஞாயிற்றுக்கிழமை கடை லீவு. இவர் போய் ஒரு சாயா குடித்துவிட்டு வந்தார், இடம் கிடைத்துவிட்டது. இப்போது ஞாயிறு காலையில் கழுத்தில் விசிலோடு அங்கே நின்று எல்லாரையும் ஒழுங்குபடுத்துவது அவர்தான். அதில் அவருக்கு ஏலத்தைவிடச் சந்தோஷம்.

எனக்குத்தான் புது வேலை. மரத்துக்குச் சொந்தக்காரி ஆனபிறகு ஊரிலுள்ள குறையெல்லாம் என் தலையில். "அக்கா, ஒங்க வௌவால் எனக்க சட்டையில பண்ணின வேலையப் பாருங்க." "ஆன்ட்டி, ஒங்க மரநாய் எங்க வீட்டு ஓட்டப் பொளந்துட்டு." என் வௌவாலாம், என் மரநாயாம். பாடகர் குழு ஒத்திகையின்போது குக்குறுவான் கத்துகிறது என்றுகூட ஒரு புகார் வந்தது. நான் எல்லாவற்றுக்கும் மன்னிப்புக் கேட்கிறேன், சொல்லி வைக்கிறேன் என்கிறேன். பிறகு மாடிக்குப் போய், நிஜமாகவே சொல்லி வைக்கிறேன். அவை கேட்பதாகத் தெரியவில்லை. மின்வாரியத்து ஆட்கள் வயர் பக்கத்துக் கிளையை வெட்ட வந்தபோது, என் வீட்டுக்காரர் அடியில் நின்றுகொண்டு, "அது மட்டும் போதும், அதுக்கு மேல கத்தி படக்கூடாது, சொந்தக்காரி மோசமான ஆளு" என்று அவர்களை விரட்டிக்கொண்டிருந்தார்.

போன மாதம் அண்ணன் வந்தார். சின்ன மகனுக்கு வீடு வைக்கிறார்கள், கதவு நிலைக்கெல்லாம் அயனி வேண்டுமாம். விவரமான மனுஷன், என்னிடம் பேச்சே கொடுக்கவில்லை. மதிலுக்கு அந்தப் பக்கம் என் வீட்டுக்காரர் உதிர்ந்து கிடந்த திரிகளைப் பெருக்கிக் கூட்டிக்கொண்டிருந்தார். அங்கே போய்விட்டார். நான் ஜன்னலுக்குப் பின்னால் நின்றேன்.

"வெல நீயே சொல்லு மாப்ள. அவகிட்ட நீ ஒரு வார்த்த சொன்னா கேப்பா. சும்மாதான நிக்கு?"

என் வீட்டுக்காரர் விளக்குமாற்றை மரத்தில் சாய்த்து வைத்தார். தலையை நிமிர்த்திப் பொந்தைப் பார்த்தார், உச்சியைப் பார்த்தார்.

"இல்ல அத்தான்," என்றார். "அதுல ஆளு தாமசம் உண்டு."